சவரிமுத்து சாரின் திரை

ஐப்பசி 14, வியாழன் இரவு

தூக்கம் வரவில்லை.

காலையில் சவரிமுத்து சார் கூப்பிட்டார். "கொஞ்சம் வந்து பாரும்மா, பிரவுசர்ல பில்லைத் திறந்தா வலது பக்கம் பாதியக் காணோம்." ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. போய்ப் பார்த்தேன். எழுத்தெல்லாம் சுவரொட்டி மாதிரி பெரிதாக இருந்தது. இரண்டு பட்டன்களை அழுத்தி வழக்கமான அளவுக்குக் கொண்டுவந்தேன். பக்கம் முழுதாக வந்துவிட்டது.

"கை தவறி ஜூம் பண்ணிட்டீங்க சார். இதுக்குப் போயா என்னைக் கூப்பிட்டீங்க?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். நாலு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "இப்ப எல்லாம் தெரியுதும்மா," என்றார்.

மத்தியானம் முழுக்கத் திரையில் மூக்கு உரச உட்கார்ந்திருந்தார். அதையும் பார்த்தேன். அப்போதும் புத்தி வரவில்லை.

சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவருக்குப் பின்னால் நின்றேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. தினமும் அவர் போகிற ஸ்ரீரங்கம் பஸ் எதிரிலேயே வந்து நின்றது. நெற்றிப் பலகையில் ஊர்ப் பெயர் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அவர் பக்கத்திலிருந்த பெண்ணிடம், "எந்த பஸ்மா இது?" என்று கேட்டார்.

கை தவறவில்லை. அவரேதான் பெரிதாக்கி வைத்திருந்திருக்கிறார். ரிட்டையராக இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அதுவரை யாருக்கும் தெரிய வேண்டாமென்று நினைத்திருப்பார்.

நாளை அவர் வருவதற்கு முன்னால் போய்ப் பழையபடி மாற்றி வைக்கலாம். ஆனால் எந்த அளவில் வைத்திருந்தார் என்று நான் பார்க்கவே இல்லை. அதை இனி அவரிடம் கேட்கவும் முடியாது.