நாற்பத்தொரு வரிசையும் ஒரு சாம்பல் வண்டியும்

மார்ச் 4, செவ்வாய்

வண்டி இன்று நின்றே விட்டது. பத்து நாள் குழந்தையை எடை போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன், சாவியைத் திருப்பினால் ஒரு இருமல், அவ்வளவுதான். குழந்தை பார்க்க வந்திருந்த சொந்தக்காரர்கள் ஏழு பேர் பின்னால் நின்று தள்ளினார்கள். குழந்தையின் பெரியப்பா ஜன்னலில் குனிந்து, "பயப்படாதீங்க நர்ஸம்மா, மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்றார். இருபத்தாறு வருஷமாக வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கிறேன். என் வசனத்தை எனக்கே சொல்கிறார் மனிதர்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "பதினெட்டு வருஷ டீசல் வண்டி. இனிமே நான் இதுக்குப் பண்றது வைத்தியம் இல்ல மேடம், பணிவிடை."

வீட்டுக்கு வந்து சொன்னதும் இவர் முகத்தில் ஒரு ஒளி. "எலக்ட்ரிக் எஸ்யூவி வாங்கிடலாம். நடுத்தர சைஸ். மூணு இருக்கு. ஒப்பிட்டுப் பார்த்துடறேன்."

கணக்கு வாத்தியாரிடம் "ஒப்பிட்டுப் பார்" என்று யாரும் சொல்லக் கூடாது. நான் சொல்லவில்லை. அவராகவே சொல்லிக்கொண்டார்.

மார்ச் 6, வியாழன்

அட்டவணை தயார். நாற்பத்தொரு வரிசை. ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர், பத்திலிருந்து எண்பது சதவீதம் ஏற எத்தனை நிமிஷம், தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி, டிக்கியின் கொள்ளளவு... பதினேழாவது வரிசை: டம்ளர் வைக்கும் குழிகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். நூற்றுக்குப் போட்டுத் தரவரிசை.

"காலையில ஸ்டார்ட் ஆகுமா? அது எந்த வரிசை?" என்றேன்.

"எலக்ட்ரிக்ல ஸ்டார்ட் ஆகறதுன்னே ஒண்ணு கிடையாதும்மா."

இவ்வளவு நாளாக எனக்கு இருந்த ஒரே தேவை அதுதான். அதற்கு மதிப்பெண்ணே இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

மகள் போனில்: "அம்மா, டைவர்ஸ் இல்லாம ஒரு வண்டி வாங்குங்க. அது போதும்."

மார்ச் 12, புதன்

முதல் வண்டி, வெள்ளை. என் சாமான் முழுவதையும் ஷோரூமுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் இவர். ஆக்சிஜன் சிலிண்டர், சளி உறிஞ்சும் மெஷின், விளக்கு, பிரசவ முக்காலி, தராசு, இரண்டு பை. கர்ப்பிணிகளுக்கு வகுப்பெடுக்கும்போது நான் காட்டுகிற பிளாஸ்டிக் இடுப்பெலும்பு வேறு. கண்ணாடி மாதிரி மின்னும் தரையில் அதை வைத்ததும் வரவேற்பில் இருந்த பெண் இரண்டு அடி பின்னால் போனாள்.

இவர் டிக்கிக்குள் தலையை விட்டு டேப் வைத்து அளக்கிறார். விற்பனையாளர், "சார், எல்லாம் புத்தகத்திலேயே இருக்கு. நானூற்றி முப்பது லிட்டர்" என்றார்.

"என் சம்சாரம் தண்ணி விநியோகம் பண்ணலை சார். எனக்கு சென்டிமீட்டர்ல வேணும்."

வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. சத்தமே இல்லை. ஆனால் எதற்கும் பொத்தான் கிடையாது, எல்லாம் திரைக்குள். முன்னாலிருக்கிற சின்னப் பெட்டியைத் திறக்க மூன்று இடத்தில் தட்ட வேண்டும். அவசரத்துக்குக் கையுறை எடுக்க நான் ஒரு மெனுவுக்குள் போய் வர வேண்டுமா? குழந்தை அதற்குள் பள்ளிக்கூடம் போய்விடும்.

மார்ச் 15, சனி

இரண்டாவது, நீலம். இதில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாகப் பிரேக் பிடிக்கிறது, அதில் பேட்டரியும் கொஞ்சம் ஏறுகிறதாம். இவர் ஓட்டினார். காலை எடுப்பதும் வைப்பதுமாக ஒரு கிலோமீட்டர். நாங்கள் எல்லோரும் சாமி கும்பிடுகிற மாதிரி குனிந்து குனிந்து நிமிர்ந்தோம். "பார்த்தியா, மறுபடி ஏறுது, மறுபடி ஏறுது" என்று இவருக்கு ஒரே குஷி. எனக்கும் ஏறியது. வாந்தி.

மார்ச் 16, ஞாயிறு

சண்டை. வெள்ளை 78.4, நீலம் 77.9. இவ்வளவு நெருக்கமாக வந்தால் முறையே தப்பாம், எடைமதிப்பை மாற்றி மறுபடி முதலிலிருந்து போடணுமாம். நான் பன்னிரண்டு நாளாகத் தங்கை வண்டியை இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அவள் ஸ்டியரிங்குக்கு வெல்வெட் உறை போட்டிருக்கிறாள்.

"ஏதாவது ஒண்ணை வாங்கித் தொலைங்களேன்!" என்று கத்திவிட்டேன்.

"ஸ்டெப்ஸ் இல்லாம விடை எழுதச் சொல்றியா?"

"நான் ஒண்ணும் உங்க எட்டாம் கிளாஸ் இல்ல!"

போதாததுக்கு, நான் வேலைக்குப் போனால் மணிக்கொரு தரம் போன். "எங்க இருக்க? எங்க இருக்க?" இன்று ஒரு பெண்ணுக்கு வலி உச்சத்தில் இருக்கும்போது அடிக்கிறது. அவளே சொல்கிறாள், "எடுத்துப் பேசிடுங்க சிஸ்டர், பாவம்" என்று.

மார்ச் 17, திங்கள்

காலையில் அந்த அட்டவணையைக் கிழித்துப் போடலாம் என்றுதான் எடுத்தேன். உண்மை.

பின்பக்கம் பென்சிலில் இன்னொரு வரிசை இருந்தது. கூட்டலில் சேர்க்காதது. எனக்குக் காட்டாததும். தலைப்பு: "மாட்டிக்கொண்டால் — ஹீட்டரும் விளக்கும் போட்டு உள்ளே எத்தனை மணி நேரம் இருக்கலாம்." வெள்ளை 38. நீலம் 41. சாம்பல் 52, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மழையில், முன்னாலும் பின்னாலும் ரோடு முழுகி, நடுவில் ஒரு மேட்டில் பதினோரு மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். போன் செத்துவிட்டது. என்னைப் பொறுத்தவரை அது ஒரு நல்ல கதை, எத்தனையோ வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன் நான். என்ன பெண்டாட்டி நான்?

இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். சாயங்காலம், "சாம்பல் வண்டியையும் ஒரு தடவை பார்த்துடலாங்க" என்றேன். இவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

மார்ச் 22, சனி

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

மதியம் இரண்டு மணிக்குச் சாம்பல் வண்டி. விற்பனையாளர் நாற்பத்தைந்து வயது மனிதர், முன்பு ஃபிரிட்ஜ் விற்றவராம். கழுத்தை நெரிக்கிற மாதிரி டை. டைக்காரர் என் பக்கத்து சீட்டில், இவர் பின்சீட்டில் அட்டவணையோடு. சாமான் எல்லாம் டிக்கியில், அளப்பதற்காக. வானம் கறுத்துக் காற்று தூக்குகிறது. ஐந்து நிமிஷம் ஓட்டியிருப்பேன், போன். மலை ரோட்டில் இருக்கும் பேக்கரிக்காரப் பெண். மூன்றாவது பிரசவம், இரண்டு வாரம் கழித்துத்தான் எதிர்பார்த்தோம். "சிஸ்டர், மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை வருது."

மூன்றாவது பிரசவம் காத்திருக்காது. திருப்பினேன்.

"மேடம், நம்ம ரூட் லெப்ட்ல. மொத்தமே எட்டு கிலோமீட்டர்தான்."

"இன்னைக்கு இருபத்திரண்டு."

"மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை—"

"கேளுங்க." கேட்டார். நடுவில் மலை வளைவுகளில் டவர் கிடைக்காது. பின்சீட்டிலிருந்து இவர், "ஏத்தத்துல எவ்வளவு பேட்டரி இழுக்குதுன்னு குறிச்சுக்கலாமா?" என்றார். வளைவில் திரும்பியதும் பேனா கீழே விழுந்தது. அதற்கப்புறம் அவர் எதையும் குறிக்கவில்லை.

வீட்டில் அவளும் மாமியாரும்தான். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறார்கள், நாங்கள் தாண்டி வந்த பிறகு ரோட்டில் மரம் விழுந்து அந்தப் பக்கம் நிற்கிறது. ரொட்டி போடப் போன புருஷனும் மரத்துக்கு அந்தப் பக்கம். நான் கை கழுவுகிறேன், கரண்ட் போய்விட்டது. மூன்று மணிக்கு அறை சாயங்காலம் மாதிரி இருட்டு. சளி மெஷினின் பேட்டரியோ, மாற்றணும் மாற்றணும் என்று நான் ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டது.

"விளக்கு வேணும்!" என்று கத்தினேன்.

வாசலில் நனைந்துகொண்டிருந்த டைக்காரர் அப்போது சொன்னார், அழுகிற குரலில்: "மேடம், வண்டியில ப்ளக் பாயின்ட் இருக்கு. டெமோல கடைசியா காட்டுவேன். நீங்க அதுவரைக்கும் விடலியே!"

இவரும் அவரும் வயரை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே. காற்றில் வயர் ஆடாமல் இருக்க டையைக் கழற்றி ஜன்னல் கம்பியோடு கட்டினார் அந்த மனிதர். என் விளக்கு எரிந்தது. அப்படி ஒரு வெளிச்சத்தில் நான் வீட்டுப் பிரசவம் பார்த்ததே இல்லை.

அதற்கப்புறம் டைக்காரர் ஜன்னலுக்கு வெளியே காவல் நின்றார். நிமிஷத்துக்கு ஒரு முறை, "மேடம், அறுபத்திரண்டு பர்சன்ட்!" "மேடம், இன்னும் அறுபத்திரண்டுதான்!" அவள் முக்குவதை நிறுத்திவிட்டு, "அந்த ஆளை யாராவது வாயை மூடச் சொல்லுங்க!" என்று அலறினாள். அந்தக் கோபத்திலேயே தலை வந்துவிட்டது.

பெண் குழந்தை. அழவில்லை.

துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன். இல்லை. வாய் நிறையச் சளி. மெஷினை ப்ளக்கில் போடச் சொன்னேன். இவர்தான் போட்டார். போட்டுவிட்டு அங்கேயே சுவரோடு சுவராக நின்றுவிட்டார். உறிஞ்சினேன். மறுபடி தேய்த்தேன். எத்தனை விநாடி — நாற்பது இருக்குமா? அந்த வீட்டில் மழைச் சத்தம் மட்டும்தான்.

அப்புறம் அழுதாள் பாருங்கள்! நல்ல சண்டைக்காரி. ஜன்னலுக்கு வெளியே இன்னொரு அழுகை, டைக்காரர். "பர்சன்ட் என்னங்க?" என்று மாமியார் கேட்டார். "தெரியலம்மா, கண்ணு தெரியல" என்றார்.

தராசில் மூன்று கிலோ நானூறு. இவர் எதிலாவது எழுதியாக வேண்டுமே, அட்டவணையின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். ஐந்து மணிக்கு மரத்தை வெட்டி வழிவிட்டார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் தாயையும் குழந்தையையும் பார்த்து, எல்லாம் சரி என்றார்கள்.

திரும்பும்போதும் நான்தான் ஓட்டினேன். என் கண் சொருகியது போல. திரையில் ஒரு கோப்பைப் படம் வந்து, ஓய்வெடுக்கும்படி எழுத்து. டைக்காரர் மெதுவாக, "இதுவும் ஒரு வசதி மேடம்" என்றார், பழக்கதோஷம்.

வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் இவர் வாயைத் திறந்தார். "நீ அங்க வேற ஆளா இருந்த." செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நான் எப்பவும் ரோட்டுல இருக்கற உன்னைத்தான் நினைச்சுப்பேன். உள்ள இருக்கற உன்னைப் பார்த்ததே இல்ல."

"காலைக் கழுவிட்டு வாங்க, சேறு" என்றேன்.

மார்ச் 24, திங்கள்

டைக்காரர் போன் செய்தார். எட்டு கிலோமீட்டர் போக வேண்டிய வண்டி ஐம்பது ஓடி, சேறும் கீறலுமாக வந்ததற்கு மேனேஜர் விளக்கம் கேட்டிருக்கிறாராம். "வயர் போட்டது நான்னு எழுதிக் கொடுத்துட்டேன் மேடம். குழந்தை எப்படி இருக்கு?"

அவர் கேட்டது அந்த ஒரு கேள்விதான். வண்டி வாங்குகிறீர்களா என்று கேட்கவே இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

போனோம். கண்ணாடி அறைக்குள் மேனேஜர், எதிரில் டை இல்லாமல் டைக்காரர். நான் உட்காரவில்லை. "சனிக்கிழமை நான் ஓட்டின வண்டி வேணும். அதே வண்டி."

"அது டெமோ வண்டி மேடம். புதுசே தர்றேன்."

"புதுசுக்கு என்ன தெரியும்? இதுக்கு வேலை தெரியும்."

இவர் தொண்டையைச் செருமினார். போச்சு, என்று நினைத்தேன். சாம்பல் வண்டிக்கு மொத்தம் 74.9. மூன்றில் கடைசி. பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஒரு சான்றிதழ் கேட்டார், வாரண்டி எழுத்தில் கேட்டார், பின்சீட்டுக்கு அடியில் விழுந்த தன் பேனாவைக் கேட்டார். கடைசியாக, "விற்பனை இவர் பேர்லதான் பதிவாகணும்" என்று டைக்காரரைக் காட்டினார். மேனேஜர் கேட்டு வாங்கிய விளக்கக் கடிதம் மேஜை டிராயருக்குள் போனது.

வெளியே வந்து கேட்டேன், "வெள்ளைதானே முதல் ரேங்க்?"

"ஆமா. விடை தப்புதான்," என்றார். "ஸ்டெப்ஸ் சரி."

ஏப்ரல் 8, செவ்வாய்

எலக்ட்ரீஷியன் வந்து சார்ஜர் பெட்டியைச் சுவரில் மாட்டினார். இவர் பக்கத்திலேயே நின்று கேட்ட கேள்விகளுக்கு அவர் தனியாகக் கூலி கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 21, திங்கள்

நேற்று ஓய்வில்லாமல் இரண்டு பிரசவம். வண்டி மறுபடி என்னை ஓய்வெடுக்கச் சொன்னது. வீட்டில் யாரும் சொல்லவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

காலை ஆறரைக்குக் கிளம்பிய கேஸ். தலைப்பிரசவம், நிதானமாக நடந்தது. பதினோரு மணிக்குத்தான் கவனித்தேன், இவரிடமிருந்து போனே வரவில்லை. நேரமாகும் என்று சொல்ல நானே அடித்தேன். எடுக்கவில்லை. பன்னிரண்டுக்கு. இரண்டுக்கு. மூன்றரைக்கு. எடுக்கவில்லை.

வழியெல்லாம் என்னென்னவோ ஓடுகிறது மனசில். நாலரைக்கு வீடு. பூட்டியிருக்கிறது. உள்ளே சாப்பாட்டு மேஜையில் இவருடைய போன், என்னுடைய நாலு அழைப்போடு. குளியலறை, கொல்லை, எங்கும் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டால், "சார் சினிமாவுக்குப் போறேன்னாரே" என்கிறார்கள். சினிமாவா? இவரா? வேலை நாளில்?

ஐந்தரைக்கு ஆடி அசைந்து வருகிறார். பள்ளிக்கூடம் அரை நாளாம்.

"போனை எடுத்துட்டுப் போகக் கூடாதா? எனக்கு உயிரே போச்சு!"

"ஏன், நீ நம்ம சாம்பல் வண்டியிலதானே போன?" என்றார், புரியாமல்.

"சரி, படம் எப்படி இருந்தது?"

"யாருக்குத் தெரியும்? விளக்கை அணைச்சதும் தூங்கிட்டேன். அப்படி ஒரு தூக்கம்."

நான் வெளியே கேஸுக்குப் போயிருக்கும்போது இந்த மனிதர் தூங்கியிருக்கிறார்! கோபமாக எழுதத்தான் நோட்டை எடுத்தேன். கோபம் சரியாக வரமாட்டேன் என்கிறது.

ஆனாலும் விடவில்லை. இனிமேல் எங்கே போனாலும் போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணணும் என்று கறாராகச் சொல்லியிருக்கிறேன்.