முதல் வருட அட்டை

ஒக்டோபர் 18, சனி இரவு

இன்று என்னோடு வேலை செய்யும் சிவபாலன் அந்த அட்டையை வாங்கிவிட்டான். வோபர்ன் பிளாசாக் கடைத்தொகுதியில், பேஸ்போல் ஆட்டக்காரர்களின் படம் போட்ட பழைய அட்டைகள் விற்கும் அந்தக் கடையை அவனுக்குக் காட்டியதே நான்தான். கார் அவனுடையது.

பெரிய ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் பேஸ்போல் புகழ் மண்டபத்துக்குள் கடைசிவரை எடுக்கப்படாத என் அபிமான ஆட்டக்காரரின் முதல் வருட அட்டை அது, அவர் ஆட வந்த வருடம் அச்சானது. அவர் ஆடிய மற்ற எல்லா வருடங்களின் அட்டைகளும் என்னிடம் இருக்கின்றன. கோடை முழுவதும் கடைக்குப் போய் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். ஒரு மூலை மழுங்கியிருக்கிறதே என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அவன் ஒரு தரம்தான் பார்த்தான். "மீசையைப் பாருங்கோ அண்ணை, எங்கட ஊர் பஸ் கொண்டக்டர் மாதிரி" என்று சிரித்துக்கொண்டே வாங்கினான். ஆளின் பெயரைக்கூட என்னிடம்தான் கேட்டான்.

காருக்குள் என் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும்.

"வேணுமெண்டா நீங்கள் வைச்சிருங்கோ அண்ணை. நான் சும்மா ஆசைக்கு எடுத்தனான்."

"வேண்டாம் தம்பி, என்னட்டை உது இருக்கு."

ஏன் அப்படிச் சொன்னேனோ தெரியவில்லை. அவன் தந்து நான் வாங்குவதா என்று ஒரு கணம் உள்ளே எரிந்தது, அவ்வளவுதான்.

"அப்ப நாளைக்குக் கொண்டுவாறன். ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாப்பம்" என்றான்.

ஓம் என்றேன்.

இப்போது என் அட்டை ஆல்பம் மேசையில் திறந்து கிடக்கிறது. முதல் பக்கத்தில் அந்த முதல் வருட அட்டைக்கான உறை மட்டும் வெறுமையாக இருக்கிறது. நாளை முழுக்க மழையாம். ஆனால் அவனிடம் கார் இருக்கிறது, வந்துவிடுவான்.