கச்சிராயபாளையம் யாருங்க?

புதன் இரவு. மஸ்கட், மகள் ஸ்டெல்லா வீடு.

இங்கே வந்ததும் போனில் நெட் வரவேண்டும் என்று என் வீட்டுக்காரர் தியாகதுருகத்திலேயே இ-சிம் வாங்கிவிட்டார். "எல்லாம் ரெடி, நீ கம்முனு வா" என்று வழியெல்லாம் பெருமை. இறங்கிப் பார்த்தால், அதைப் போனில் ஏற்றும் க்யூஆர் கோடு அவருடைய மெயிலில் கிடக்கிறது. மெயிலைத் திறக்க நெட் வேண்டும்! விமான நிலையத்து வைஃபையோ ஓடிபி கேட்டது. எங்கள் ஊர் சிம் இங்கே செத்துக் கிடந்தது. எந்த வாசலில் நிற்பாள் என்பதை ஸ்டெல்லா வாட்ஸப்பில்தான் சொல்வதாக இருந்தாள். அவளைப் பார்த்து மூன்று வருஷம். போனைத் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

அப்போதுதான் வைஃபை பட்டியலில் தமிழில் ஒரு பெயரைப் பார்த்தேன்: கச்சிராயபாளையம். எங்கள் பக்கத்து ஊர்! யாரோ தன் போன் ஹாட்ஸ்பாட்டுக்கு வைத்த பெயர். வெட்கத்தை விட்டுக் கத்தினேன். "கச்சிராயபாளையம் யாருங்க?"

பெட்டியை இழுத்துக்கொண்டு போன ஒரு பெண் திரும்பினாள். "நாந்தாங்க. இன்னா வோணும்?"

விஷயத்தைச் சொல்லி பாஸ்வேர்டு கேட்டேன். சிரித்தாள். "எங்க ஊரு டேம் பேருதாங்க."

"கோமுகி!" என்று நானும் வீட்டுக்காரரும் சேர்ந்தே கத்திவிட்டோம்.

உடனே ஸ்டெல்லாவின் மெசேஜ்கள் கொட்டின. "எம்மா, எங்க இருக்கீங்க? ரெண்டாவது வாசல்ல நின்னுக்கினு இருக்கேன்."

இப்போது என் போனுக்கும் தியாகதுருகம் என்று பெயர் வைத்துவிட்டேன்.

"ஊருக்கே நெட்டு குடுக்கப் போறியா? பாஸ்வேர்டாவது போடு" என்கிறார் அவர்.

போட்டாயிற்று. எங்களுக்கு டேம் இல்லை. மலைமேல் கோட்டை இருக்கிறதே.