அப்பா செய்த சொல்

ப்ளைன்நாந்த் பண்ணை,
ட்ரெகாரன்.

அன்புள்ள நெஸ்ட்டா,

நானும் அப்பாவும் நலமாகத்தான் இருக்கிறோம், கடல் தாண்டி அந்தக் கல்கரிக் குளிரில் நீயும் குழந்தை ஓவனும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே ஆடுகள் குட்டி போடத் தொடங்கிவிட்டன, அப்பாவுக்கு இடுப்பு வலி, சொன்னால் கேட்பதில்லை. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். நம் வெல்ஷ் மொழி படித்துப் பட்டம் வாங்கியவள் பெற்ற பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லையே என்று அன்று போனில் அப்பா கேட்டது தப்புத்தான். அதற்குப் பிறகு உன் முகத்தை அந்தப் போன் திரையில் நாங்கள் பார்க்கவேயில்லை.

போன சனிக்கிழமை சாப்பலில் ஐஸ்தெத்வொத் விழா, வழக்கம்போல் பாட்டும் கவிதையுமாகப் போட்டிகள். போனில் முகம் பார்த்துப் பேசுவதற்குப் புதிதாக ஒரு வெல்ஷ் சொல் கேட்டுப் போட்டி வைத்திருந்தார்கள். ஜெயித்த சொல் ‘பெல்கெகின்’. தூரத்தையும் சமையலறையையும் ஒட்டவைத்தது, உனக்குச் சொல்லவேண்டியதில்லை. பால் ஜாடியில் போனைச் சாய்த்து வைத்தால் மகளுடைய சமையலறை நம் மேசைக்கே வந்துவிடுகிறது என்று எழுதியவரின் விளக்கத்தை நடுவர் வாசித்ததும் நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். நம் வீட்டைத் தவிர வேறு யார் பால் ஜாடியில் சாய்க்கிறார்கள்? ‘வேலியோரம்’ என்ற புனைபெயரில் எழுதியவர் எழுந்து நிற்கலாம் என்றார் நடுவர். மறுபடியும் கூப்பிட்டார். அப்பா மடியிலிருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் எழாததால் பரிசை நிறுத்திவிட்டார்கள். தேநீரின்போது பக்கத்துப் பண்ணை டிலன் அப்பாவிடம், “என்ன எம்ரிஸ், ஜெயிச்சவனுக்கு முட்டி பிடிச்சுக்கிச்சா, இல்ல பொண்டாட்டிக்குத் தெரியாம எழுதினானா?” என்று கிண்டல் செய்ய, அப்பாவும் சேர்ந்து சிரித்தார். ஏன் எழவில்லை என்று காரில் நான் கேட்டதற்கு, “எழுந்தா எல்லாரும் கைகொடுக்க வருவாங்க. நெஸ்ட்டா வாராவாரம் பேசறாளான்னு கேப்பாங்க. நான் என்னத்தடி சொல்றது?” என்றார்.

நேற்று தபாலாபீஸில் மெகன், மகனோடு பெல்கெகினில் பேசியதாகச் சொன்னாள். சொல் ஊருக்குள் பரவிவிட்டது, செய்தவர் வீட்டில்தான் அதற்கு வேலையில்லை.

ஓவனுக்கு ஆங்கிலம்தான் வரும் என்றால் அதிலேயே பேசட்டும் கண்ணு, அப்பாவும் அதைத்தான் சொல்ல நினைக்கிறார், வாய் வரவில்லை. குளிரில் அவனுக்குக் குல்லாய் போட்டுக் காதை மூடி வெளியே அனுப்பு. கடவுள் உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காதே. ஏதோ காரணம் சொல்லிக்கொண்டு, ஞாயிறுதோறும் நீ கூப்பிடும் நேரத்துக்கு அப்பா இன்னமும் மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

என்றும் உன் நினைவாகவே,
அம்மா ஐர்லிஸ்