புளிக்குள் போன பள்ளிக்கூட மணி

என் அக்காவைக் கட்டிய நாளிலிருந்து என்னையும் சேர்த்துச் சுமந்த மாமாவுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு பொங்கல் வந்து போய்விட்டது. ஆலங்காயத்து வீடு அப்படியேதான் இருக்கிறது. அக்கா உங்கள் பங்குக்கும் சேர்த்து என்னைத் திட்டுகிறாள். இன்று எழுத உட்கார்ந்தது வேறு சேதிக்காக. ஜவ்வாது மலைமேல் உங்கள் மகள் தேன்மொழி, அதான் நம் பாப்பா, நடத்துகிற உளவுப் படையிடம் நான் பிடிபட்டுவிட்டேன்.

"நீ சொல்றதுல முக்காவாசியக் கழிச்சுட்டுத்தான்டா காதுலயே வாங்கணும்" என்பீர்களே. இதில் கழிக்க ஒன்றுமில்லை மாமா. குரங்குகள் வருகிற இடம் ஒன்று உண்டு, அதை மட்டும் வேண்டுமானால் கழித்துக்கொள்ளுங்கள்.

பாப்பாவுக்கு மலைமேல் தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்தபோது, "தனியா எப்பிட்றா சமாளிப்பா" என்று என்னிடம்தானே கேட்டீர்கள். எப்படிச் சமாளிக்கிறாள் தெரியுமா? இரண்டாவது, மூன்றாவது படிக்கிற பொடிசுகளை எல்லாம் உளவாளி ஆக்கிவிட்டாள். ஆளுக்கொரு ரகசியப் பேர். ஒருத்தன் கீரி, ஒருத்தி மைனா. யாராவது வகுப்புக்குள் வந்தால் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வந்தவர் என்ன போட்டிருந்தார், கையில் என்ன வைத்திருந்தார் என்று சொல்ல வேண்டும். ஏதாவது ஒரு பொருள் காணாமல் போகும். தெரிந்தது என்ன, தெரியாதது என்ன என்று பேசிப் பேசித் தேட வேண்டும். தப்பாக யூகித்தால் அதற்கும் கைதட்டு. "ஒரு இடம் இல்லன்னு தெரிஞ்சிச்சு இல்ல? அதுவும் துப்புதான்" என்கிறாள். நான் படித்த காலத்தில் தப்புக்குக் கிடைத்தது வேறு. அதனால்தான் ஏழாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டு ஓடிப்போனது.

வினை எங்கே வந்தது என்றால், கீரி தன் வீட்டிலேயே உளவு பார்த்துவிட்டான். அவன் அப்பன் கூரையில் செருகி வைத்திருந்த பாட்டிலைக் கண்டுபிடித்து அம்மாவிடம் காட்டிவிட்டான். அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. மறுநாள் ஊர் கூடிவிட்டது. ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் பாப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னாராம்: "டீச்சரம்மா, ஊட்டுக்கு ஊடு எட்டிப் பாக்கறதுக்கா புள்ளைய அனுப்பறோம்? இதான் படிப்புன்னா, கீழ ஆஸ்டல்ல சேத்துக்கிறோம்."

பிள்ளைகள் போய்விட்டால் அந்தப் பள்ளிக்கூடத்தில் என்ன இருக்கும்? பூட்டுதான். பாப்பா தயங்கவில்லை. "ஒரு நாள் வந்து பாருங்க. புடிக்கலன்னா நிறுத்திட்றேன்" என்று சொல்லிவிட்டாள். எதிரி உளவாளியாக இருக்க வெளியூர் ஆள் ஒருவர் வேண்டும். உங்கள் மச்சானை விட்டால் யார்?

போனேன். ஊரே பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்திருந்தது, மரத்துக்கு மரம் குரங்குகள். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள், கண்ணை மூடினார்கள், என் கையில் கறுத்துக் கிடந்த செப்புக் காப்பு வரைக்கும் சொன்னார்கள். அப்புறம் பள்ளிக்கூடத்துப் பித்தளைக் கைமணியை எடுத்துக்கொண்டு நான் மறைந்தேன்.

பாப்பா சுலபமாக ஒளிக்கத்தான் சொல்லியிருந்தாள். ஆனால் என் திறமைக்கு அது அடுக்குமா? புளி உலுக்குகிற காலம். எல்லா வாசலிலும் புளி குவிந்து கிடந்தது. ஊர்க்கவுண்டர் வீட்டிலும் ஆளில்லை. தார்ப்பாயைத் தூக்கி, அவர் புளிக் குவியலுக்குள் முழங்கை வரை விட்டு மணியைப் புதைத்தேன். தொட்டியில் கையைக் கழுவினேன். வந்த தடத்தைத் துண்டால் கூட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்தேன். ராணுவமே வந்தாலும் கண்டுபிடிக்காது என்று நினைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. ராணுவம் வரவில்லை, எட்டு வயசுப் பிள்ளைகள்தான் வருகிறார்கள். அவர்கள் தோற்றால் பாப்பாவும் தோற்றாள்.

வந்து நின்றேன். சுற்றிக்கொண்டார்கள்.

"தாத்தா, கேள்வி கேக்கலாமா?"

"மாமான்னு கூப்டு, சொல்றேன்."

"சரி மாமா தாத்தா. எங்க போய்ட்டு வர்றீங்க?"

"மலைக்கு அந்தாண்ட, படவேடு வரைக்கும். பறந்து போய்ட்டு வர்றேன்."

"பறந்தா செருப்புல எப்பிட்றா மண்ணு?" என்றான் கீரி, என்னிடம் இல்லை, பக்கத்தில் இருந்தவனிடம். ஊரே சிரித்தது. ஊர்க்கவுண்டர் மட்டும் சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் தேடினார்கள், இல்லை. கைதட்டினார்கள். கிணற்றடியில் பார்த்தார்கள், இல்லை. அதற்கும் கைதட்டினார்கள். "தோத்ததுக்கு இன்னாத்துக்கு கைதட்டு?" என்று கீரியின் அப்பன் எழுந்து துண்டை உதறினான். பாப்பா முகத்தைப் பார்த்தேன். உங்கள் முகம் மாமா. உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். வாய் வரைக்கும் வந்துவிட்டது எனக்கு, இடத்தைச் சொல்லிவிடலாமா என்று.

அப்போதுதான் மைனா என் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"காலைல உங்க செப்புக் காப்பு கறுப்பா இருந்திச்சு. இப்ப ஒரு பக்கம் பளபளங்குது."

"வேர்வைம்மா."

"வேர்வ பட்டா பச்சதான் புடிக்கும். புளி பட்டாதான் பளபளங்கும்."

கையை உருவி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"எல்லார் ஊட்லயும்தான் புளி கெடக்குது" என்றான் ஒருவன். "அது ஓட்டோட கெடக்குது. ஓடு பட்டா பளபளங்காது" என்றாள் மைனா. "அப்ப கொட்ட எடுத்த புளி. அது யார் ஊட்ல?" கீரி மெதுவாகச் சொன்னான், "நேத்து எங்கம்மா கொட்ட எடுக்கப் போச்சே, அந்த ஊட்ல."

எல்லாத் தலையும் ஊர்க்கவுண்டர் பக்கம் திரும்பியது. பிள்ளைகள் ஓடினார்கள், பின்னாலேயே ஊர். குரங்குகளும் வந்ததாகத்தான் எனக்கு ஞாபகம். ஆனால் அவர் வாசலுக்கு முன்னால் அத்தனை பிள்ளைகளும் கோடு போட்டாற்போல நின்றுவிட்டார்கள். ஒரு கால்கூட உள்ளே போகவில்லை. பாட்டில் விவகாரத்துக்குப் பிறகு அவர்களே போட்டுக்கொண்ட சட்டமாம் அது, கேட்காமல் யார் வீட்டுக்குள்ளும் நுழைவதில்லை என்று.

கீரிதான் கேட்டான். "தாத்தா, உங்க புளிய நாங்க தொடலாமா? வேணாம்னா நீங்களே பாத்துச் சொல்லுங்க."

ஊர்க்கவுண்டர் தானே முன்னால் வந்தார். தார்ப்பாயை விலக்கிக் கையை விட்டார். மணி வந்தது, ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் பொன்னுமாக. அவர் சம்சாரம், "எம் புளியில எந்தப் பாவி கைய வுட்டான்" என்று கத்த, நான் மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

ஊர்க்கவுண்டர் மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பள்ளிக்கூட வாசல் இரைச்சலில் என் காப்புப் பேச்சு அவர் காதில் சரியாக விழவில்லை போல. "எப்பிட்றி கண்டுபுடிச்ச, சொல்லு" என்றார்.

மைனா சொன்னாள், "நீங்களே யோசிங்க தாத்தா. ஒரே ஒரு துப்பு தர்றேன். அந்த மாமா தாத்தா கையப் பாருங்க."

ஊரையே உட்கார வைத்துத் தீர்ப்புச் சொல்கிற மனிதர் மாமா. வாசலில் குந்தி உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டு என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். முதலில் தப்பாகச் சொன்னார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஆஸ்டல் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. இத்தனை வயசுக்கு எத்தனையோ ஆச்சரியம் பார்த்ததாக உங்களிடம் அளந்திருக்கிறேன். நிஜமாகப் பார்த்தது இது ஒன்றுதான். இவ்வளவு பெரிய அறிவு அவ்வளவு சின்னத் தலைக்குள் எப்படி மாமா உட்கார்ந்திருக்கிறது? இல்லை, முன்னாலேயே அங்கேதான் இருந்ததா, நாம்தான் கேட்காமல் விட்டோமா?

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பாப்பா கூப்பிடும்போதெல்லாம் மலை ஏறுவேன். என் மூளை முழுவதையும் செலவழித்து ஒளிப்பேன். பாவம் பார்த்து ஒரு துப்புகூட விட்டு வைக்க மாட்டேன். அவர்களிடம் விட்டுக்கொடுத்துத் தோற்பது அவர்களுக்கு அவமரியாதை.

நியாயமாகப் பிடிபட்ட பெருமையோடு,
உங்கள் மச்சான்