பேய் நிற்கும் இடம் தெரிந்த பிறகு

இன்றைக்கு அலுவலகத்தில் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வீசிவிட்டேன்டா. பக்கத்து நாற்காலிப் பெண் பயந்துபோய், "என்ன ஆச்சு சார்?" என்றாள். நாங்கள் செய்துகொண்டிருக்கும் பேய் விளையாட்டில் ஒரு வயல்காடு வருகிறது. அதற்கு அவள் புதிதாக ஒலி சேர்த்திருந்தாள். தவளை, காற்று, அதற்கெல்லாம் அடியில் மெல்லியதாக ஒரு ரீங்காரம். பனிக்காலத்தில் விடிந்த பிறகு கரண்டுக் கம்பி போடுமே, அந்தச் சத்தம். வயலையே பார்த்திராத பெண், எங்கிருந்தோ தேடிப் பிடித்திருக்கிறாள். நன்றாகத்தான் செய்திருந்தாள். "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய் நின்றேன்.

ஆமாம், ஜனங்களைப் பயமுறுத்துவதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறேன். நீ இருந்திருந்தால் இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாய். மோட்டார் கொட்டகையிலிருந்து சேற்றில் விழுந்தடித்து ஓடியவன் இன்று பேய்க்கு வாத்தியாராம் என்று.

பன்னிரண்டாம் வகுப்பில் நமக்கு அரசாங்கம் இலவச லேப்டாப் கொடுத்தது. அதற்கு முந்தைய அரசாங்கம் கொடுத்த கலர் டிவி ஏற்கெனவே இரண்டு வீட்டிலும் இருந்தது. உங்கள் வாசலில் ஒரு கட்சிக் கொடி, எங்கள் வாசலில் எதிர்க்கட்சிக் கொடி. எவர் கொடுத்தாலும் இரண்டு வீடும் வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளும். பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது. காரணம், உங்கள் வயலுக்கும் எங்கள் வயலுக்கும் நடுவில் கிடந்த ஒரு துண்டு நிலம். பட்டா எங்களுடையது என்று என் அப்பா சொல்வார். உழுது வந்தது நாங்கள் என்று உன் அப்பா சொல்வார். ஜமாபந்திக்கு ஜமாபந்தி மனு, சர்வே, வழக்கு, வாய்தா. நம் இரண்டு பேர் தாத்தா காலத்துத் தகராறு அது. அதனால் நான் உன் வீட்டுக்கு வர முடியாது, நீ என் வீட்டுக்கு வர முடியாது. நமக்கு மிச்சமிருந்தது உங்கள் வயலோரத்து மோட்டார் கொட்டகை. கதவைச் சாத்தினால் பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. ஊரெல்லாம் கரண்ட் இல்லாமல் விசிறிக்கொண்டிருந்த காலத்தில், அங்கே மட்டும் மோட்டாருக்கு விடுகிற கரண்ட் வரும்.

திருத்துறைப்பூண்டி பிரவுசிங் சென்டரிலிருந்து பென் டிரைவில் நீதான் அந்த விளையாட்டைக் கொண்டுவந்தாய். பாழடைந்த ஓர் ஆஸ்பத்திரி. கையில் ஒரு டார்ச், அதுவும் அணைந்து அணைந்து எரியும். ஆயுதம் எதுவும் கிடையாது. ஒரே இயர்போனில் உனக்கு ஒரு காது, எனக்கு ஒரு காது. எங்கோ ஒரு சக்கர நாற்காலி கிரீச்சிட்டது. திரையில் ஒன்றுமே இல்லை, வெறும் கதவு. அதற்கே நான் எழுந்து, நிஜக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி, நாற்றங்காலில் முழங்கால்வரை போய் நின்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். ஆனால் நீயும் தனியாக அந்தக் கதவைத் திறக்கவில்லை என்பதை நான் மறக்கவில்லை.

"சினிமாவுல வேற எவனோ போறான்டா. இதுல நாமளே பட்டனை அழுத்தி நடந்து போகணும். அதான் வயித்தக் கலக்குது" என்றாய். பிறகு இயர்போனைப் பிடுங்கிவிட்டு, "இப்பப் பாரு" என்றாய். சத்தம் இல்லாமல் பார்த்தபோது அந்தப் பேய், தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்ட ஹாஸ்டல் வார்டன் மாதிரி தள்ளாடி வந்தது. இரண்டு பேரும் உருண்டு புரண்டோம். பயம் கண்ணில் இல்லை, காதில் இருக்கிறது என்று அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாய். நான் இதைக் கற்றுக்கொள்ளப் பட்டணத்துக்கு வந்து பெரிய படிப்பெல்லாம் படிக்க வேண்டியிருந்தது.

கொஞ்ச நாளில் நீ வேர்க்கடலை உரித்துக்கொண்டே விளையாட ஆரம்பித்தாய். "இப்ப இடது பக்கக் கதவுலேர்ந்து வருவா பாரு. வந்துட்டியா? வாம்மா" என்று பேயை வரவேற்பாய். எனக்கு எரிச்சலாக இருக்கும். இவ்வளவு பயமாக இருந்தது எங்கே போனது என்று கேட்டேன். "பேய் எங்க நிக்கும்னு தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் அது பேய் இல்லடா, பஸ் ஸ்டாப்பு" என்றாய். இன்னொன்றும் சொன்னாய். "செத்தாலும் அதே கதவுகிட்டதானே கொண்டாந்து விடுறான். அப்புறம் என்ன பயம்?" உன் இந்த இரண்டு பேச்சையும்தான் இன்றுவரை அலுவலகத்தில் என் பேச்சாகச் சொல்லிப் பிழைக்கிறேன். விளையாடுகிறவன் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டால் பயம் போய்விடும், அதனால் பேய் நிற்கும் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள் என்று சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன்.

நான் சென்னைக்கு வந்தேன். நீ வயலோடு நின்றுவிட்டாய். அந்தப் பெரிய புயலில் நம் வரப்போரத்துக் கரண்டுக் கம்பம் சாய்ந்ததும், கம்பி தொய்ந்து கையெட்டும் உயரத்துக்கு வந்ததும் உனக்குத் தெரிந்த கதை. நடுவில் ஒரு புதுக் கம்பம் நட்டால் போதும் என்று லைன்மேன் வந்தார். எங்கே நடுவது? தகராறு நிலத்தில் நட முடியாது. எங்கள் பக்கம் நட அப்பா விடவில்லை. "போஸ்ட்டை இந்தப் பக்கம் நட விட்டா, அந்தத் துண்டு அவனுதுன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்" என்றார். உன் அப்பாவும் அச்சு மாறாமல் அதையே சொன்னார். ஆயுசில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். கம்பம் வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது.

ஆட்கள் குனிந்து அறுத்த காலமாக இருந்தால் அந்தக் கம்பி யாரையும் ஒன்றும் செய்திருக்காது. இப்போது அறுப்பது மெஷின். அது கம்பியில் முட்டும். ஆகவே ஒருவர் நீள மூங்கில் கம்பின் நுனிக் கவையால் கம்பியை மேலே தூக்கிப் பிடிக்க, மெஷின் அடியில் நுழைந்து போகும். இப்படி ஒரு வேலையை வேறு எந்த ஊரிலாவது சொன்னால் நம்புவார்களா? மின்வாரியத்துக்குப் போன் செய்து லைனை நிறுத்தச் சொன்னால் ஆள் வர நேரமாகும், அதற்குள் மெஷின்காரர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். முதல் வருஷம் நீ தூக்கியபோது ஊரே தள்ளி நின்றதாகச் சொன்னாய். "கை வெடவெடன்னு ஆடுச்சுடா. அந்த ஆஸ்பத்திரிக் கதவுதான் ஞாபகம் வந்துச்சு" என்றாய். அடுத்த வருஷம் ஒரு கையில் கம்பு, மறு கையில் போன் வைத்துக்கொண்டு என்னோடு பேசினாய். நான் கத்தினேன். "அட போடா, பழகிடுச்சு" என்றாய்.

அதற்கடுத்த சம்பா அறுவடையில்தான் அந்தப் போன் வந்தது. உன் எண்ணிலிருந்தே வந்ததால், "சொல்லுடா" என்றுதான் எடுத்தேன். உன் அண்ணன் பேசினார். "தம்பி, போயிட்டான்பா" என்றார். எங்கே போய்விட்டான் என்று கேட்டேன். உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன். வரப்பில் கிடந்த கம்பு பனியில் நனைந்திருந்ததாம். தூக்கியதுதானாம், விழுந்துவிட்டாயாம். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. நேற்றுப் பேசினவன் எப்படி இல்லாமல் போவான் என்று பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை ஒரே கேள்விதான். உன்னைப் பார்த்த பிறகும் அதே கேள்விதான். உன் உள்ளங்கையைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். துணியை எடுக்க எனக்குத் துணிவு இல்லை.

அன்றைக்கு என் அப்பா உங்கள் வீட்டுக்கு வந்தார். என் நினைவில் முதல் தடவை. உன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். சரி, இனி அந்தத் தகராறு தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லையடா. உன் காரியம் முடிந்து, வருஷம் திரும்பியும் அந்தக் கம்பி அப்படியே தொங்கியது. நீ போன அடுத்த அறுவடைக்கு லைனை நிறுத்திவிட்டுத்தான் மெஷினையே இறக்கினார்கள். ஒருவரும் கம்பியின் பக்கம் போகவில்லை. அதற்குப் பிறகு, போன் செய்துவிட்டு ஆள் வரும்வரை காத்திருக்கும் பொறுமை வருஷத்துக்கு வருஷம் குறைந்திருக்கிறது.

இந்தத் தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். காலையில் மெஷின் சத்தம் கேட்டு வயலுக்குப் போனேன். கம்பிக்கடியில் மூங்கில் கம்போடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். உன் அண்ணன்.

அவரேதான். உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கூவியவர். நான் செருப்பை எங்கே விட்டேன் என்று தெரியாமல் ஓடினேன். "அண்ணே, என்னண்ணே பண்றீங்க!"

அவருக்கு என் கத்தல் விளங்கவே இல்லை. "ஏம்பா பதறுற? அன்னைக்குக் கம்பு பனியில நனைஞ்சு கெடந்துச்சு. அதான் தப்பு. இத வீட்டுக்குள்ளேயே வெச்சிருந்து எடுத்தாந்திருக்கேன். தட்டிப் பாரு, எப்படிக் காஞ்சிருக்கு!" என்று விரலால் தட்டிக் காட்டினார்.

உன் சாவிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். பேய் நிற்கும் இடம் அவருக்குத் தெரிந்துவிட்டது. இனி ஈரம் இல்லாமல் வந்தால் போதும், தாண்டிவிடலாம். விளையாட்டில் ஒவ்வொருவனும் இதைத்தான் செய்கிறான், நான் தினமும் உட்கார்ந்து பார்க்கிறேன். அங்கே செத்தால் மறுபடி கதவருகில் கொண்டுவந்து விடுவார்கள். இதை எந்த வார்த்தையில் அவருக்குச் சொல்வேன்? மெஷினுக்கு முன்னால் அறுத்த தாளின்மேல் உட்கார்ந்துவிட்டேன். "ஏத்திட்டுப் போங்கண்ணே" என்றேன். மெஷின்காரர் ஹாரன் அடித்துப் பார்த்தார், திட்டினார், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கம்பியின் கீழ் இருந்த கதிர் அறுபடாமலே நின்றது. உன் அண்ணன் என்னோடு பேசாமல் போனார்.

அன்றைக்கே அப்பாவிடம், கம்பத்தை நம் பக்கம் நடச் சொல்லப்போகிறேன் என்றேன். "அப்படியே வயலையும் தூக்கிக் குடுத்துட்டு வா" என்றார். "அவன் வீட்டுல உக்காந்து அப்படி அழுதீங்களேப்பா" என்றேன். அவர் என்னைப் புரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அழுதது வேற, எல்லை வேற" என்றார். நீ செத்த செய்திக்கு அடுத்தபடி என்னை உலுக்கிய பேச்சு அது. என் அப்பாவை நான் அதுவரை கெட்டவர் என்று நினைத்ததில்லை, இப்போதும் நினைக்கவில்லை. சாப்பாட்டைத் தொடாமல் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் என் முகத்தைப் பார்க்காமல் மின்வாரியத்துக்கான சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

கம்பம் நடுவதைப் பார்க்க உன் அண்ணன் வந்தார். உங்கள் பக்கத்து வரப்பில் நின்றார், இந்தப் பக்கம் வரவில்லை. குழி தோண்டினார்கள், நட்டார்கள், கம்பியை இழுத்துக் கட்டினார்கள். அது மேலே போனது. பழைய சோறு சாப்பிட்டு வந்த ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்குள் வேலையை முடித்துவிட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றினார்கள். உன் அண்ணன் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானாப்பா வேலை?" என்றார்.

நான் தலையாட்டினேன். அவர் வரப்பிலேயே உட்கார்ந்து, துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் வரப்பைத் தாண்டிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நீ இல்லாதது எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவருகிறதடா. சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. உன் எண்ணைத் தேடாமல் ஒரு வாரம் போய்விடுகிறது. ஆனால் உன் அண்ணன் கம்போடு நின்ற அந்தக் காலையின் பயத்தை மட்டும் பழகவிடாமல் வைத்திருக்கிறேன். கம்பி இப்போது மெஷினுக்கே எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஊருக்குப் போனால் அதன் கீழே நான் குனிந்துதான் நடக்கிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். உன் அண்ணன் சிரிப்பதில்லை. அவரும் குனிகிறார்.