புதுச்சேரியிலிருந்து பெங்களூருக்கு ஒரு மணி நேரம்

என்னங்க,

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சட்னி மட்டும் ஃப்ரிட்ஜில்.

"புதுச்சேரிலேர்ந்து பெங்களூர் எரநூத்தி அறுபது கிலோமீட்டர், பிளைட்ல ஒரே மணி நேரம். இங்கேர்ந்து உன் பஸ்ஸு அஞ்சு மணி நேரம் உருட்டும்"னு நேற்று பெருமையடித்தீர்கள். இங்கிருந்து புதுச்சேரி போக மூன்று மணி நேரம், ஏர்போர்ட்டில் காத்திருக்க இரண்டு, இறங்கி நம் மகள் கவியா வீட்டுக்குப் போக இன்னும் இரண்டு. அதையெல்லாம் யார் கூட்டுவது?

முதலில் போய்ச் சேர்கிறவர்தான் பேத்திக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று பந்தயம் கட்டியவரும் நீங்கள்தான். அதனால் நான் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டேன். சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

கஸ்தூரி

பி.கு.: உங்கள் ஆதார் அட்டை என் பையில் இருக்கிறது. அது இல்லாமல் பிளைட்டில் ஏற்ற மாட்டார்களாம். ஒன்பது மணி பஸ்ஸில் இரண்டு சீட் போட்டிருக்கிறேன், ஜன்னலோரம் உங்களுக்கு. மீதிச் சண்டையை வழியில் போட்டுக்கொள்ளலாம்.